கற்களைக் கலைத்த வாரம்

கடிபட்டது என் மீன். கடித்தது அவருடைய மீன். ஆனால் வீட்டை விட்டுப் போக வேண்டியது என் மீன்தான் என்று முடிவு செய்தார்கள். இதைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கு எரிந்தது. இன்னும் எரிகிறது. ஆறிப்போவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதிலே பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, மேல் தாடையும் கீழ்த் தாடையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துச் செட்டை முடித்துக் கொடுப்பது என் வேலை. வீட்டின் கடைசி அறைதான் என் பட்டறை. ஒரு சுவரோரம் என் மேஜை, எதிர்ச் சுவரோரம் நீளமான கண்ணாடித் தொட்டி. அந்தத் தொட்டியில் இருந்தவன் துரை.

துரை ஓர் ஆஸ்கர் மீன். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அடம் பிடித்து வாங்கி, ஒரே மாதத்தில் மறந்துபோக, என் தலையில் விழுந்த மீன். வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கும். இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலம். கறுத்த உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், வாலருகே கண் வரைந்தது போல ஒரு வட்டம். தீனி போட நேரமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் மாற்றினால் கோபித்துக்கொண்டு அடியில் போய் ஒருக்களித்துப் படுத்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். சாது என்று சொல்ல மாட்டேன், சின்ன மீனைப் போட்டால் ஒரே வாயில் விழுங்கிவிடும். ஆனால் தானாக வம்புக்குப் போகிற ஜென்மம் இல்லை. நான் பல் அடுக்கிக்கொண்டே பேசுவேன், அது கண்ணாடியில் மூக்கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் நான் சொல்வதை முழுதாகக் கேட்கிறவன் அவன் ஒருவன்தான்.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்குத்தான் பெரியவர் வந்து சேர்ந்தார். பெரியவர் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம், வேறு வீடு கிடைக்கும்வரை எங்களோடு இருப்பாராம். அவர் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "எனக்குக் கொஞ்ச நாள் நிம்மதி வேணும்" என்று அந்த அக்கா ஃபோனில் சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பெரியவர் என்ன வேலை செய்கிறார் தெரியுமா? கம்பெனி கம்பெனியாகப் போய், ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது எப்படி என்று பயிற்சி வகுப்பு எடுக்கிறார். சிரிக்காதீர்கள், அதற்கு ஆள் கூப்பிட்டு மாலையெல்லாம் போடுகிறார்கள்.

வந்தவர் தனியாக வரவில்லை. ஒரு நீல டிரம்மில் தன் மீனையும் கொண்டுவந்தார். ரெட் டெவில் என்கிற வகை. பெயருக்கேற்ற சிவப்பு, நெற்றி புடைத்து, உதடு தடித்து, பார்க்கவே சண்டைக்கு அழைப்பது போல இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் சாம்பியன்.

"தனித் தொட்டி வாங்கணுமே மாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா வீணா? இவ்வளவு பெரிய தொட்டி இருக்கே. ரெண்டும் பழகிடும்" என்றார்.

மறுநாள் முடித்து வைத்த செட்டுகளைக் கிளினிக்குகளில் கொடுத்துவிட்டு நான் வீடு திரும்புவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. என் அறைக்குள் நுழைகிறேன், என் அறையைக் காணவில்லை. மேஜை இருந்த இடத்தில் அவருடைய கட்டில். தொட்டிக்குள் ஒரு கல்கூட இருந்த இடத்தில் இல்லை. பெரிய கற்களையெல்லாம் ஒரு பக்கமாகக் குவித்துக் குகை கட்டியிருந்தார். குகை வாசலில் சாம்பியன் செவுளை விரித்துக்கொண்டு நிற்கிறது. மறுபக்கம் மொட்டைத் தரை. மேலே வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால், ஒரு மூலையில், நிறமே மங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது துரை.

"என்ன மாமா இது?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வகுப்பை ஆரம்பித்துவிட்டார். "இதுக்கு ஒரு முறை இருக்கும்மா. பழைய மீனுக்கு இந்தக் கல் என்னுது, அந்த மூலை என்னுதுன்னு ஒரு நெனப்பு இருக்கும். புதுசா ஒண்ணு வந்தா அந்த நெனப்பாலதான் சண்டையே வருது. எல்லாத்தையும் கலைச்சு வெச்சுட்டா பழசுக்கும் அது புது இடம் ஆயிடும். அப்புறம் யாருக்கும் எதுவும் சொந்தம் இல்ல. தானா ஒத்துப் போயிடும்."

"குகையை மட்டும் உங்க மீனுக்குக் கட்டியிருக்கீங்களே?"

"புதுசா வந்த புள்ள, பயப்படும்ல?"

"என் மேஜை எங்க?"

"பால்கனியில போட்டிருக்கேன். நுணுக்கமான வேலை செய்றவ நீ. உனக்கு வெளிச்சம்தானே முக்கியம்?"

அவ்வளவு அக்கறை! நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மேஜையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் போனதே இவர்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே அலறும்போது, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "பயப்படாதீங்க, நான் இருக்கேன், மெதுவா மூச்சு விடுங்க" என்று அழகாகப் பேசி அமைதிப்படுத்துவார். முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு தைரியமாகப் பேசுகிற மனுஷன், அண்ணன் ஹாலுக்குள் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஹாலில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு கைவைத்த நாற்காலி உண்டு. கல்யாணமான புதிதில் இவருக்காகவே நான் வாங்கிப் போட்டது. பெரியவர் வந்த அன்றைக்கே அது பெரியவருடைய நாற்காலி ஆகிவிட்டது. இவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு காபி குடிக்க ஆரம்பித்தார். சொந்த வீட்டில், நின்றுகொண்டு!

"கொஞ்ச நாள்தான். அனுசரிச்சுப் போ" என்றார் என்னிடம்.

"துரையோட வாலைப் பாத்தீங்களா? கிழிஞ்சு தொங்குது."

"புது இடம்ல, பழக நாளாகும்."

"யாருக்குப் புது இடம்? அவன் வந்ததிலிருந்து அந்தத் தொட்டியிலதான் இருக்கான்!"

அனுசரிச்சுப் போ, அனுசரிச்சுப் போ. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் அவன் வாயிலுள்ள பல்லையெல்லாம் கழற்றிவிட்டு, நானே புது செட் செய்து மாட்டுவேன், அதுவும் அளவு தப்பாக.

துரை ஒன்றும் கோழை இல்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் திரும்பி நின்றான். இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒன்றையொன்று தள்ளின. தொட்டித் தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது. நான் வலையைத் தேடி ஓடுகிறேன். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து காபியை உறிஞ்சிக்கொண்டே, "விடும்மா, விடு. இது பலப்பரீட்சை. யாரு பெரியவன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் அமைதிதான்" என்கிறார்.

யார் பெரியவன் என்று தெரிந்தது. துரையின் மேலுதடு கிழிந்தது. அதற்கப்புறம் அவன் அந்தக் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. தீனி போட்டால் சாம்பியன் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, போகிற போக்கில் அவன் விலாவில் ஒரு கடி வேறு. "பாத்தியா, சண்டையே இல்ல" என்று பெரியவருக்குப் பெருமை. அடிபட்டவன் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதற்குத்தான் இவர் அமைதி என்று பேர் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. அந்தக் கம்பெனிகளில் இவரிடம் பயிற்சி எடுத்த பாவப்பட்ட ஜனங்களை நினைத்துக்கொண்டேன்.

பால்கனியில் என் பிழைப்பும் அதே கதிதான். மதிய வெயில் நேராக மேஜைமேல் விழும். ஒரு பெரியம்மாவுக்கு முழு செட் ஒன்று செய்துகொண்டிருந்தேன். மெழுகு வெயிலில் இளகி, அதில் நிறுத்திய பற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்திருக்கின்றன. நானும் கவனிக்கவில்லை. டாக்டர் ஃபோன் செய்தார். "என்னம்மா, எப்பவும் நீ இப்படிச் செய்ய மாட்டியே? ஒரு பக்கம்தான் கடி விழுது. அந்தம்மா வாயை மூட முடியாம உக்காந்திருக்காங்க." எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் செட் திரும்பி வந்ததே கிடையாது.

நடந்ததைக் கேட்ட பெரியவர், "நேரத்தைத் திட்டமிடணும்மா. காலையிலேயே முடிச்சுடலாமே" என்றார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

அதே வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த முடிவு வந்தது.

"வண்ணமீன் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன்" என்றார் பெரியவர். "அடுத்த வாரக் கடைசியில, ஞாயித்துக்கிழமை வருவார். உன் ஆஸ்கரை எடுத்துட்டுப் போயிடுவார். நான் ஒரு வாரம் வெளியூர்ல வகுப்பு எடுக்கப் போறேன். ஞாயிறு காலையில வந்துடுவேன். நானே பாத்துக் குடுத்துடுறேன்."

சாதத்தில் இருந்த கை அப்படியே நின்றது. "எதுக்கு மாமா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அதுக்கு ஒத்துப்போற குணமே இல்ல. ஒதுங்கி ஒதுங்கிப் போகுது, சாப்பிட வர மாட்டேங்குது. அப்படி ஒண்ணு இருந்தா மொத்த இடமும் கெட்டுடும்."

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். யாருக்கும் பயப்படாத வாய், என்னிடமிருந்து வந்தது. "பெரியப்பா, கடிக்கிறது உங்க மீன்" என்றாள்.

"அது அதோட சுபாவம்மா."

"அப்ப கடிபடறது துரையோட சுபாவமா?"

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாது" என்றார் பெரியவர். என் வீட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதோ விடை எழுதியிருப்பது போல.

அந்தக் கடையை எனக்குத் தெரியும். பெரிதாகிவிட்டது, வளர்க்க முடியவில்லை என்று ஆட்கள் கொண்டுவந்து தள்ளுகிற மீன்களையெல்லாம் பின்பக்கம் ஒரே தொட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். உதடு கிழிந்து, வால் கிழிந்து, விலாவில் செதில் போன மீனை எவர் வாங்குவார்? அந்தக் கூட்டத்துக்குள் இறக்கினால் துரை ஒரு வாரம் தாங்க மாட்டான். அதாவது, என் துரையைக் கொல்லப் போகிறார்கள். அதற்கு என் நல்லது என்று பெயர்.

சமையலறையில் வைத்து இவரைப் பிடித்தேன். "ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அண்ணன் ஊருக்குப் போயிட்டு வரட்டும். பேசிக்கலாம்."

"அவர் வர்ற அன்னிக்குத்தான் கடைக்காரரும் வர்றார். எப்ப பேசுவீங்க? துரை போனதுக்கு அப்புறமா?"

"ஒரு மீனுக்காக அண்ணனோட சண்டை போடச் சொல்றியா?"

"மீனுக்காக வேண்டாம். எனக்காகப் போடுங்க. வேண்டாம், எனக்காகவும் வேண்டாம், உங்க நாற்காலிக்காகப் போடுங்க! லிஃப்ட்ல மாட்டினவன்கிட்ட எல்லாம் 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சொல்றீங்களே, இந்த வீட்ல யாரு இருக்கா?"

இவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. கோபம் இடம் விடவில்லை.

பெரியவர் திங்கட்கிழமை கிளம்பினார். போகும்போதுகூட, "சாம்பியனுக்கு வேளைக்குத் தீனி போட்டுடும்மா" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அந்தக் குகையைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் சொன்னது காதில் ஒலித்தது. எல்லாத்தையும் கலைச்சு வெச்சுட்டா யாருக்கும் எதுவும் சொந்தம் இல்ல. அந்த மனுஷன் வாயிலிருந்து உருப்படியாக ஒரே ஒரு விஷயம் வந்திருக்கிறது, அதையும் அவர் தனக்குத் தோதாகப் பாதிதான் செய்திருக்கிறார்.

"இன்னிக்கு காலேஜுக்கு மட்டம் போடு" என்றேன் மகளிடம்.

"நீயா சொல்றே? அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

முதலில் சாம்பியனை வெளியே எடுத்தோம். துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கழுவி, மீன் தொட்டியின் பழைய தண்ணீரையே பாதி ஊற்றி, உபரியாக இருந்த வடிகட்டியை மாட்டிப் பால்கனியில் நிழலான மூலையில் வைத்தேன். சாம்பியன் சும்மா வருமா? வலையைக் கடித்தது, வாளியைக் கடித்தது, மகளின் விரலையும் ஒரு கை பார்த்தது. "என்னை ஏன் கடிக்குது? நான்தான் இதுக்கு ஒரு விதத்துல தங்கச்சி முறை ஆச்சே!" என்று அவள் கத்த, நான் சிரித்ததில் பாதித் தண்ணீர் என்மேல் கொட்டியது. குதித்துவிடாமல் இருக்க மூடி போட்டு, மேலே ஒரு பலகையையும் வைத்தோம். எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. அது மீன். அதற்கு வகுப்பு எடுக்கத் தெரியாது.

பிறகு கற்கள். குகையைப் பிரித்தோம். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, இதுவரை இல்லாத இடத்தில் வைத்தோம். வேர்க்கட்டையைக் குறுக்கே போட்டோம். துரை குழாய்க்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரோரம் அவருடைய கட்டில்.

"அம்மா," என்றாள் மகள், "உன் முகம் சரியில்லையே."

"அந்தப் பக்கம் பிடி" என்றேன்.

கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து சுவரோரம் போட்டோம். துவைத்த விரிப்பு, நல்ல தலையணை, பக்கத்தில் விளக்கு. விருந்தாளிக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. என் மேஜை என் அறைக்கு வந்தது. அப்புறம் கை நிற்கவில்லை. டிவி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனது. சாப்பாட்டு மேஜை திரும்பியது. அலமாரி நகர்ந்தது, அதற்குப் பின்னால் காணாமல்போன கத்தரிக்கோல் கிடைத்தது. கைவைத்த நாற்காலியை என் அறை வாசலுக்கு எதிரே, தொட்டி நேராகத் தெரிகிற மாதிரி போட்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், வழக்கமாகச் செருப்பு விடுகிற இடத்தில் அலமாரி இருந்ததால் அதில் முட்டிக்கொண்டார். "என்ன இது? வேற வீட்டுக்குள்ள வந்துட்டேனா?"

"நம்ம வீடுதான். அடையாளம் தெரியலையா?"

அறை அறையாகப் போய்ப் பார்த்தார். பால்கனிக்குப் போய்ப் பிளாஸ்டிக் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். "அண்ணன் வந்தா என்ன சொல்றது?"

"அண்ணன் சொன்ன முறைதான்னு சொல்லுங்க."

"எல்லாத்தையும் பழையபடி வெச்சுடு. நான் சொல்றேன்ல."

"பழையபடிதான் வெச்சிருக்கேன். அவர் வர்றதுக்கு முன்னாடி இருந்த மாதிரி. கொஞ்சம் இடம்தான் மாறியிருக்கு." என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. "இதைத் திருப்பி வைக்கணும்னா நீங்களே தூக்கி வைங்க. அன்னிக்கு என் மேஜையைத் தூக்கின கைதானே?"

அது போய்ச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அவர் எதையும் தூக்கவில்லை.

அடுத்த நாள் துரை அடியில் போய் ஒருக்களித்துப் படுத்துவிட்டான். இவர் வேலைக்குப் போகிற அவசரத்திலும் தொட்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "செத்துடுச்சா?"

"இல்ல, கோவம்."

"யாரு மேல?"

"எல்லாரு மேலயும்."

"உன்னை மாதிரியே வளத்திருக்கே" என்றார். பல நாட்களுக்குப் பிறகு இவர் அடித்த முதல் ஜோக் அது.

வாரத்தின் நடுவில் துரை எழுந்தான். முதலில் குழாயருகே நின்றான். பிறகு மெதுவாகத் தொட்டியின் நடுவுக்கு வந்தான். யாரும் துரத்தவில்லை. தீனியை என் கையிலிருந்து வாங்கினான், கிழிந்த உதட்டால் கொஞ்சம் கஷ்டப்பட்டு. நிறம் திரும்பியது. ஒரு மாலை நானும் இவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் வைத்த கல் ஒன்றை வாயால் முட்டி முட்டி, ஒரு சாண் தள்ளி, தனக்குப் பிடித்த இடத்தில் கொண்டுபோய் வைத்தான்.

இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். "சின்ன வயசுல அண்ணன் உக்காந்த இடத்துல நாங்க யாரும் உக்கார மாட்டோம்" என்றார் திடீரென்று. "வந்தா எழுந்து நிக்கணும். அப்படியே பழகிடுச்சு. இப்பக்கூட அவர் ஃபோன் பண்ணா நான் எழுந்து நின்னுதான் பேசறேன்."

"தெரியும். கல்யாணமான நாள்ல இருந்து பாக்கறேன்."

"நீ சொன்னதே இல்லையே?"

"சொன்னா உக்காந்திருப்பீங்களா?"

சாப்பிடக் கூப்பிடும்வரை தொட்டிக்கு எதிரிலேயே நின்றிருந்தார். அந்த நாற்காலியில் அப்போதும் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. கடைக்காரர் வந்து பெரியவரைத்தான் கேட்பார். பெரியவர் துரையைத்தான் காட்டுவார். தொட்டிமேல் விழுந்து மறிக்கிற அளவுக்கு நான் போகத் தயார்தான், ஆனால் அதுவரை என் வீட்டுக்காரர் வாய் திறக்காவிட்டால், மீன் மிஞ்சினாலும் இந்த வீட்டில் எனக்கு என்ன மிஞ்சும்? அதுதான் உள்ளுக்குள் அரித்தது.

பெரியவர் பெட்டியோடு உள்ளே வந்தார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். எப்போதும் பெட்டி வைக்கிற இடத்தில் சாப்பாட்டு மேஜை. டிவியைத் தேடினார், அது முதுகுப் பக்கம் இருந்தது. தன் கட்டிலை ஹாலில் பார்த்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், கடைசியில் நாற்காலியைக் கண்டுபிடித்தார்.

அதில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எப்போது போய் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவே இல்லை.

அண்ணனைக் கண்டதும் பழக்க தோஷத்தில் இவர் உடம்பு எழுந்தது. நான் பார்த்தேன், மகளும் பார்த்தாள். பாதி எழுந்து, நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்து, அப்படியே ஒரு கணம் அந்தரத்தில் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கண்ணா" என்றார்.

"என்னடா கூத்து இது? யாரு எல்லாத்தையும் மாத்தினது?"

"நான்தான் மாமா" என்றேன். "நீங்க சொன்ன முறைதான். கலைச்சு வெச்சுட்டா யாருக்கும் எதுவும் சொந்தம் இல்ல, தானா ஒத்துப் போயிடும்னு சொன்னீங்களே."

"நான் மீனுக்குச் சொன்னேன்!"

"நானும் மீன்லதான் ஆரம்பிச்சேன்."

அவர் முகம் சாம்பியன் நிறத்துக்கு வந்தது. வாயைத் திறப்பதற்குள் வாசலில் அழைப்பு மணி அடித்தது. வண்ணமீன் கடைக்காரர், கையில் பெரிய பிளாஸ்டிக் பையும் வாளியுமாக.

"சார், மீன் எடுக்க வரச் சொன்னீங்களே. எந்த மீன்?"

"உள்ள வாங்க," பெரியவர் முந்திக்கொண்டார், "கறுப்பு..."

"சிவப்பு மீன்" என்றார் என் வீட்டுக்காரர்.

நாற்காலியை விட்டு எழவில்லை. லிஃப்டுக்கு வெளியே நின்று பேசுவாரே, அந்தக் குரல். அந்தக் குரலை நான் வீட்டுக்குள் கேட்டது அதுதான் முதல் தடவை. "பால்கனியில தொட்டியில இருக்கு. அண்ணன் புது வீடு பாக்கற வரைக்கும் உங்க கடையில வெச்சுப் பாத்துக்கணும். தனியா வெக்க முடியுமா?"

கடைக்காரர் பால்கனிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "ரெட் டெவிலா? இதை எப்பவுமே தனியாத்தான் சார் வெப்போம். இதை ஆஸ்கரோடயா போட்டிருந்தீங்க? யாரு உங்களுக்கு யோசனை சொன்னது?"

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"டேய், நீ என்னைக் கேக்காம..." என்று தம்பி பக்கம் திரும்பினார் பெரியவர்.

"அண்ணா, நின்னுட்டே இருக்கீங்களே. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. காபி வரும்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், திறந்திருந்த அறைக்குள் தொட்டியின் நடுவில் சாவகாசமாகத் திரிந்துகொண்டிருந்த துரையைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் திருப்பிக் கொடுக்க இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. கடைக்காரர் வாளியோடு எங்களைக் கடந்து போனார். உள்ளே சாம்பியன் வாளியை முட்டுகிற சத்தம் படியிறங்கும்வரை கேட்டது.

பெரியவர் கையில் இன்னும் பெட்டி இருந்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஏம்மா, இந்தப் பெட்டியை எங்க வைக்கட்டும்?" என்றார்.

அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை. இடத்தைக் காட்டினேன்.